தலைகீழாகப் பிடித்த தூர்

மூன்று வருடத்துக்கு முன்பு, குறுவை அறுத்த பிறகு நடுகிற தாளடிப் பருவம். நட்டு 25 நாள் ஆன வயலிலிருந்து ஒரு விவசாயி நெல் தூர் ஒன்றைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் சுருட்டி என் கடைக்கு எடுத்து வந்தார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற தலைப்பிலிருந்து அதிக தூரம் இல்லாத ஊரில் உரம், விதை, பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். வேளாண்மைப் பட்டப்படிப்பு முடித்து ஊருக்கே திரும்பி வந்தவன். 26 வருடமாக இதே கல்லா, இதே நாற்காலி. சுற்றுவட்டாரத்தில் என்னைப் 'பயிர் டாக்டர்' என்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

பயிர் குட்டையாக இருந்தது. கீழ் இலைகளில் துருவைத் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். நான் பையை முழுதாகப் பிரிக்கக்கூட இல்லை. "துத்தநாகக் குறை. ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட், 20 கிலோ மணல்ல கலந்து தூவிடுங்க" என்று சொல்லிவிட்டு ரசீது எழுத ஆரம்பித்தேன்.

அவரோடு, அவர் வயலில் நடவுக்கும் களைக்கும் ஆள் கூட்டி வரும் அக்கா ஒருவரும் வந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். "அந்த மேலண்ட வயல்ல காலை வச்சா குமிழி குமிழியா வருதுங்க. வாடை வேற அடிக்குது. தண்ணிய ஒரு நாலு நாளு வடிச்சு விட்டா தேவல" என்றார். நான் ரசீதிலிருந்து கண்ணை எடுக்காமல், "சேறுன்னா வாடை வரத்தானேக்கா செய்யும்" என்றேன்.

பத்து நாள் கழித்து விவசாயி திரும்ப வந்தார். பயிர் தேறவில்லை. "எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன். மணிச்சத்து உள்ள டி.ஏ.பி. உரத்தோடு சேர்த்துத் தூவியதாகச் சொன்னார். "அதான்! மணிச்சத்தோட கலந்தா துத்தநாகத்தைப் பயிர் எடுக்க முடியாம கட்டிப்போட்டுடும்" என்றேன். இது உண்மையான விஷயம்தான், எந்தப் பயிர்ப் பாடத்திலும் இருக்கும். அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி பரவியதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். என் விடை தப்பவில்லை, அவர் செய்தவிதம்தான் தப்பு என்று ஆகிவிட்ட நிம்மதி. அந்த நேரத்தில் அவருடைய ஆறு மா நிலம் என் மனசில் இல்லவே இல்லை.

அதற்கும் ஒரு வாரம் கழித்து வேறு ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தி வரப்பில் இறங்கினேன். ஒரு தூரைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்தேன். வேர் கருகருவென்று இருந்தது. அழுகிய முட்டை வாடை. வெள்ளையாக ஒரு வேர்கூட இல்லை. வடிகால் வாய்க்காலை வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடந்தது. வயல் வாரக்கணக்கில் தண்ணீரில் மூச்சுத் திணறியிருக்கிறது. காற்றே புகாத சேற்றில் சல்பேட் உப்பு சல்பைடாக மாறும். அந்த வாயுதான் வேரைக் கறுக்க வைக்கும், காலை வைத்தால் வரும் குமிழியில் அடிப்பதும் அதன் வாடைதான். நான் விற்ற பையின் பெயரிலேயே சல்பேட் இருந்தது. 10 கிலோவால் பெரிய கேடு வந்துவிடாது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பையை நம்பி 17 நாள் தண்ணீரை வடிக்காமல் விட்டதுதான் கேடு. அக்கா சொன்னதைக் கேட்கலாமா, டாக்டர் சொன்னதைக் கேட்கலாமா என்று வந்தபோது அவர் டாக்டரைக் கேட்டிருக்கிறார். வழக்கமாக ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 32 காண்பவர், அந்தத் தாளடியில் 19 கண்டார்.

வேரைப் பார்த்த பிறகும் நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "துத்தநாகக் குறையும் சேர்ந்துதான் இருந்திருக்கும்" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தேங்கின வயலில் துத்தநாகமும் குறையும், எனவே அதற்கு இடம் இருந்தது. அரை உண்மை கையில் இருக்கும்வரை நம்மை யாரும் அசைக்க முடியாது. அந்த நிலையில் இருந்தபோதுதான் பொங்கலுக்கு மகள் வந்தாள்.

பெங்களூரில் மென்பொருள் வேலை. இரண்டாம் நாள் காலை கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். ரம்மி என்று நினைத்துப் பக்கத்தில் போனால், படம் படமாக இருந்தது. டாரட் என்றாள், குறி பார்க்கிற சீட்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அப்பா விவசாயச் சங்கத்துக்காரர். கறுப்புச்சட்டையும் செங்கொடியும் ஊருக்கு ஊர் இருந்த திருவாரூர் மண்ணில், ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்ட குடும்பம் எங்களுடையது. மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் பக்கம் சின்ன வயதில் கிளி ஜோசியக்காரரைப் பார்த்தால், கிளிக்காகத்தான் நிற்பேன், சீட்டுக்காக இல்லை. (கிளியைக் கூண்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் அன்று யாருக்குத் தெரியும். அந்தக் கிளியின் வெட்டிய இறக்கை இன்னும் கண்ணில் நிற்கிறது.) படித்த பெண் இதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று கடுப்பு.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். தெரிந்துகொள்வதற்காகப் படிக்கவில்லை, அவளைத் தோற்கடிக்கப் படித்தேன். மறுநாள் காலை வரிசையாக எடுத்துவிட்டேன். இது 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா அரண்மனைகளில் ஆடிய வெறும் சீட்டாட்டம். 300 வருடத்துக்கு மேல் அதை வைத்து விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1781-ல் கூர் த ஜெபெலன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், இது பழைய எகிப்தியர்களின் ரகசிய ஞானம் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கிற வழியையே ஷாம்போலியன் 1822-ல்தான் கண்டுபிடித்தார். அதற்கு 40 வருடம் முன்பே இவருக்கு எப்படித் தெரிந்தது?

மகள் முழுதும் கேட்டாள். "சரிப்பா, சீட்டாட்டம்தான். நானும் எதிர்காலம் எல்லாம் பார்க்கலை. காலையில ஒரு படம் எடுத்து, நேத்து நான் எப்படி இருந்தேன்னு யோசிப்பேன். அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "நீங்க ஜெயிச்சுட்டீங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குரலில் கிண்டல் இல்லை. களைப்பு இருந்தது. எத்தனை வருடமாக இந்தப் பெண் என்னிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லிவருகிறாள் என்று அப்போது தோன்றியது.

ஊருக்குத் திரும்பும்போது சீட்டுக்கட்டை விட்டுவிட்டுப் போனாள். மறந்து போனாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று நான் கேட்கவில்லை.

தை மாசக் கடைசியில், அந்த 19 மூட்டைக் கணக்கு காதுக்கு வந்த மறுநாள் காலை, கடை திறக்கும் முன் கட்டை எடுத்துப் பிரித்தேன். மொத்தம் 78 சீட்டு. 22 பெரிய சீட்டுகள், மீதி 56-ம் கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனம். முதலில் வந்தது கோப்பையிலிருந்து ஒரு மீன் தலையை நீட்டுகிற படம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சீட்டும் நெஞ்சைத் தொட்டது என்று எழுதினால் அது பொய். பாதி நாட்கள் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பேரரசர் வந்தார். கல் சிம்மாசனம், நான்கு மூலையிலும் ஆட்டுக்கடாத் தலை. சிவப்பு அங்கிக்குக் கீழே பார்த்தால் காலில் இரும்புக் கவசம். தன் அரண்மனையில், தன் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு எதற்குக் கவசம்? பின்னால் புல் பூண்டு இல்லாத மொட்டை மலை. அந்த மலை அடிவாரத்தில் மெல்லிசாக ஒரு நீரோடை. ஆற்றுக்கரையில் பிறந்தவன் கண்ணுக்கு அந்தத் தண்ணீர்தான் முதலில் படும். அது அவர் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது. அவர் திரும்பினால்தான் தெரியும். அந்த ஆசனத்தில் திரும்ப இடம் இல்லை.

என் கடை நாற்காலிக்குப் பின்னால் அலமாரி. அலமாரி முழுக்கப் பாட்டிலும் பாக்கெட்டும். எனக்குத் தெரிந்த விடைகள் எல்லாமே எனக்குப் பின்னால் விலை ஒட்டி அடுக்கியிருந்தன. 'தண்ணீரை வடித்து விடு' என்ற விடை மட்டும் அந்த அலமாரியில் இல்லை. நான் பணத்துக்காகப் பொய் சொன்னவன் இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் 26 வருடம் ஒரே அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு, வருகிற நோய் எல்லாம் அலமாரியில் இருக்கிற மருந்தின் வடிவத்தில்தான் தெரிய ஆரம்பிக்கும். இதை வேறு யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். ஒரு மணி நேரம் பேசி அவர் வாயை அடைத்திருப்பேன். படத்திடம் என்ன பேச முடியும்? அது எதையும் சொல்லவில்லை. நான் வாதத்தில் வெல்வதற்கு அங்கே எதிராளி இல்லை.

இந்தச் சீட்டுகளில் எனக்குக் கிடைத்தது இதுதான். மனிதர் யார் எதைச் சொன்னாலும் நம் அறிவு முதலில் பதிலைத் தேடும், இரண்டாவதாகத்தான் கேட்கும். அதிகம் படித்தவருக்கு அதிக பதில், அவ்வளவுதான். இன்னொன்று, நாமே உட்கார்ந்து யோசித்தால் நமக்குப் பிடித்த கேள்வியைத்தான் நம்மைக் கேட்டுக்கொள்வோம். கலைத்துப் போட்ட கட்டிலிருந்து எந்தப் படம் வரும் என்பது நம் கையில் இல்லை. கேள்வியைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரம் காலையில் பத்து நிமிஷம் நம்மிடமிருந்து போய்விடுகிறது.

நம் ஊருக்கு இது புதிது இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. சைவத்தில் திருமுறைக்குக் கயிறு சாத்திப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. தேவார ஏட்டுக் கட்டில் கயிற்றைச் செருகி, அது விழுந்த இடத்தில் உள்ள பாட்டை எடுத்துப் படிப்பது. பெண்ணாடத்து அச்சுத களப்பாளருக்குக் குழந்தை இல்லை. அவருடைய குலகுரு சகலாகம பண்டிதர் கயிறு சாத்திப் பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பாட்டு வந்தது, அங்குள்ள மூன்று குளத்தில் முழுகினால் நினைத்தது கிடைக்கும் என்கிற பாட்டு. எங்கள் டெல்டாவின் கடலோர முனையில், பூம்புகாருக்குப் பக்கத்தில் இருக்கிற அதே திருவெண்காடு. போய் முழுகினார்கள், பிள்ளை பிறந்தது. பின்னாளில் சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலைச் செய்த மெய்கண்டார் அந்தப் பிள்ளைதான் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது.

குளத்தில் முழுகிப் பிள்ளை பிறந்ததை நான் நம்புகிறேனா என்பதை விடுங்கள். அதற்குப் பின்னால் வருகிற கதைதான் என்னை உலுக்குகிறது. சிறு பிள்ளையாக இருக்கும்போதே மெய்கண்டார் பாடம் சொல்ல, அந்தக் குலகுருவின் மாணவர்களே அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எல்லா ஆகமமும் படித்த பண்டிதர், பட்டமே சகலாகம பண்டிதர். தான் பார்த்துப் பிறந்த பிள்ளையிடம் தன் மாணவர்கள் போவதா என்று நேரில் வந்து, "ஆணவம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாராம். பிள்ளை வாய் திறக்கவில்லை. அவர் நின்ற கோலத்தையே பார்வையால் சுட்டிக் காட்டியது. பண்டிதர் அந்த இடத்திலேயே விழுந்து வணங்கி மாணவர் ஆனார். அருள்நந்தி சிவாச்சாரியார் என்று நாம் சொல்கிறவர் அவர்தான். சிவஞான சித்தியார் அவர் செய்தது.

அந்தப் பிள்ளை விளக்கம் சொல்லியிருந்தால் பண்டிதர் மறுத்திருப்பார். ஆகமத்திலிருந்து ஆயிரம் மேற்கோள் அவர் கையில் இருந்தது. பதிலே சொல்லாமல் அவரையே அவருக்குப் படமாகக் காட்டியதால் மறுக்க வழியில்லை. ஆணவத்தைப் பற்றி உமாபதி சிவம் திருவருட்பயனில் சொல்கிற ஒரு விஷயமும் இதோடு சேர்ந்து வருகிறது. இருட்டு மற்ற பொருளை மறைத்தாலும், தான் இருட்டு என்பதையாவது காட்டும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. நான் ரசீது எழுதிக்கொண்டிருந்த அந்த நிமிஷம் எனக்கு எதுவும் இருட்டாகத் தெரியவில்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

வாள் இனத்தில் ஐந்தாம் சீட்டு வந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவன் மூன்று வாளைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டோரம் சிரிக்கிறான். இரண்டு வாள் தரையில் கிடக்கிறது. இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்து போகிறார்கள், ஒருவர் முகத்தைக் கையால் மூடியிருக்கிறார். மேகம் கிழிந்து கிழிந்து கிடக்கிறது. பார்த்த உடனே என் மச்சான் ஞாபகம் வந்துவிட்டது.

மனைவியின் தம்பி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலம். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வாரின் கூட்டங்களுக்குப் போய், நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி வந்து, மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் போட ஆரம்பித்தவர். ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, "பழைய ரகம் தண்ணியில நிக்கும் மச்சான், உங்க ரகம் மூணு நாள் முழுகுனா போச்சு" என்றார். நான் விடவில்லை. "ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணுற?" அவர் சொன்னார். "நான் கொடுக்குற விதையில எத்தனை காணும் தெரியுமா?" அதையும் சொன்னேன். சாய்வது, வயது 160 நாள், மணி உதிர்வது, ஆள் கூலி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மச்சான் வெற்றிலையைக்கூட மடிக்காமல் எழுந்து போனார். இரண்டு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் மனைவி இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அவளுக்கும் புள்ளிவிவரம் சொல்லியிருப்பேன்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்யாண வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அவர் என்னிடம் மகசூலைப் பற்றிப் பேசவே இல்லை. வெள்ளத்தைப் பற்றிப் பேசினார். நான் கேள்வியை எனக்கு வசதியான வயலுக்கு இழுத்துப்போய் அங்கே ஜெயித்திருக்கிறேன். அதைவிட, சி.ஆர். 1009 சப்-1 என்ற விதையை நான்தான் வருடா வருடம் விற்கிறேன். பயிர் இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? ஒடிசாவில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து. 2006-ல் அந்த மரபணுவை விஞ்ஞானிகள் தனியாக அடையாளம் கண்டு, மற்ற ரகங்களுக்கு ஏற்றினார்கள். மச்சான் சொன்ன வாதம் என் கடையில் நான் விற்ற மூட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் எடுக்கவில்லை. அறிவில் எதை வெளியே எடுப்பது, எதை உள்ளே வைப்பது என்று அந்தப் பந்தலில் முடிவு செய்தது என் படிப்பு இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா, யார் என்ன சொன்னாலும் சரி என்று போக வேண்டுமா என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் குழப்பம் சில மாதம் இருந்தது. அடுத்த சம்பாவில் புகையான் விழுந்தது, தூரில் சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. வயலில் வட்ட வட்டமாகக் கருகும், ஒரு வாரத்தில் ஏக்கர் கணக்கில் போய்விடும். ஒருவர் வந்து, தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு பைரித்ராய்டு மருந்தைக் கேட்டார். அதை அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் செத்து, புகையான் முன்னைவிடப் பெருகும். தர முடியாது என்று சொன்னேன். சத்தம் போட்டார். 'முன்ன மாதிரி இல்ல, திமிர் ஏறிடுச்சு' என்றும் சொன்னார். தண்ணீரை வடியுங்கள், தழைச்சத்து போடுவதை நிறுத்துங்கள், எட்டடிக்கு ஒரு அடி பட்டம் பிரித்துக் காற்றும் வெயிலும் அடித்தூருக்குப் போக விடுங்கள், அதற்குப் பிறகு தேவை இருந்தால் மருந்து என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துக் கோல் இனத்தின் ஏழாம் சீட்டு வந்தது. மேட்டில் ஒருவன் நின்று, கீழிருந்து நீளும் ஆறு கோலை ஒரே கோலால் தடுக்கிறான். முகத்தில் உறுதி. அவன் காலைப் பார்த்தால் ஒன்றில் பூட்ஸ், இன்னொன்றில் வேறு ஜோடிச் செருப்பு. மேலே பார்த்தால் வீரன், கீழே பார்த்தால் அவசரத்தில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்தவன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். துத்தநாகத்துக்காக நின்றதும் நான்தான், பைரித்ராய்டுக்கு எதிராக நின்றதும் நான்தான். வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். முதல் தடவை நான் காத்தது என் பெயரை. இரண்டாம் தடவை அவர் வயலை. இரண்டாம் தடவை யாராவது வந்து, நீ சொல்வது தப்பு, இதோ பார் என்று ஒரு தூரைக் காட்டியிருந்தால் நான் சந்தோஷமாகப் பார்த்திருப்பேன். முதல் தடவை பையைக்கூடப் பிரிக்கவில்லை. எனக்கு இப்போது இருக்கிற அளவுகோல் இதுதான், இதைவிட நல்லதாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

பயிருக்கு என்ன நோய் என்று சீட்டைக் கேட்டதே இல்லை. கேட்கவும் மாட்டேன். எந்த ரகம் போடலாம், மேட்டூர் எப்போது திறக்கும், கடன் வாங்கலாமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. அதற்கு மண் பரிசோதனை இருக்கிறது, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. டாரட் பார்த்துக் குறி சொல்லிக் காசு வாங்குகிறவர்களைப் பற்றி என் கருத்து இன்னும் மாறவில்லை. பயந்து போய் வருகிறவரிடம் எதிர்காலம் விற்பது தப்பு, அது கிளியானாலும் சரி, ஓலைச்சுவடியானாலும் சரி, இத்தாலிச் சீட்டானாலும் சரி. நான் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: நேற்று யார் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை? படத்தில் எங்காவது கண் நிற்கும். நின்ற இடத்தை ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுவேன். முடிந்தது.

இந்தப் படங்களை வரைந்தவரைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். என்னிடம் இருப்பது 1909-ல் லண்டனில் முதலில் அச்சான கட்டின் மறுபதிப்பு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் திட்டம் போட்டார், பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தார். அதற்கு முந்தைய பெரும்பாலான கட்டுகளில் சிறிய சீட்டுகளுக்குக் கதைப் படம் கிடையாது, ஐந்து வாள் என்றால் வெறும் ஐந்து வாள். முதுகைக் காட்டி நடந்து போகிற அந்த மனிதர்களையும், ஜோடி மாறிய செருப்பையும் ஓவியமாக வைத்தது அந்தப் பெண்ணின் கை. ஆனால் பதிப்பாளர் ரைடர், திட்டம் போட்ட வெயிட் இருவர் பெயரும்தான் வெகுகாலம் கட்டின் பெயராக இருந்தது. வரைந்தவர் பெயரைப் பின்னால்தான் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவர் வரைந்த காசு இனத்தின் மூன்றாம் சீட்டு எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஒரு தேவாலய வளைவுக்குக் கீழே கல் தச்சர் பெஞ்சு மேல் ஏறி நின்று வேலை செய்கிறார். கீழே ஒரு துறவியும், கட்டட வரைபடத்தைக் கையில் வைத்திருக்கிறவரும். வரைபடம் வைத்திருப்பவர் அண்ணாந்து பார்க்கிறார். கையால் வேலை செய்பவர் மேலே நிற்கிறார். அந்தச் சீட்டு வந்த அன்று கடையை மதியம் பூட்டிவிட்டு அந்த அக்காவைத் தேடிப் போனேன்.

களை எடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "அதுக்கு என்னங்க, எனக்கென்ன மருந்து பேரு தெரியுமா, காலுக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்" என்றார். அப்புறம் நானாகவே கேட்டேன், காலுக்கு வேறு என்னென்ன தெரியும் என்று. எந்த வயலில் சேறு பிடித்து இழுக்கும், எங்கே கால் வழுக்கினால் உவர் இருக்கிறது, நாற்றுப் பறிக்கும்போது வேர் மண்ணை விடுகிற விதத்தை வைத்து நாற்று தேறுமா தேறாதா என்று எப்படிச் சொல்வது என்றெல்லாம் சொன்னார். 40 வருடமாக அந்தச் சேற்றில் நிற்கிற கால். நான் முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒரு இடத்தில், "அதுக்குக் காரணம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர் மேலே சொல்லிக்கொண்டு போனார்.

பெரிய சீட்டுகளில் 12-வதை இப்போது கல்லாவுக்கு மேலே, ரசீது குத்துகிற கம்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குகிறவர். கட்டியிருக்கிற மரத்தில் இலை துளிர்த்திருக்கிறது, செத்த மரம் இல்லை. முகத்தில் வலி இல்லை. தலையைச் சுற்றி ஒளி. இதைத் தண்டனை என்றும் தியாகம் என்றும் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வரப்பில் நான் தலைகீழாகப் பிடித்த நெல் தூர். நாம் பார்த்துப் பார்த்துப் பழகிய இலை கீழே போய், பார்க்காத வேர் கண்ணுக்கு நேரே வருவது. கடைக்கு யார் பயிர் எடுத்து வந்தாலும் இப்போது முதல் வேலை அதுதான். வேரோடு கொண்டு வரச் சொல்வேன். பையைப் பிரித்து, தலைகீழாகப் பிடித்து, முகர்ந்து பார்ப்பேன். கூட வந்தவர் யாராவது இருந்தால், "நீங்க என்ன பாத்தீங்க?" என்று அவரையும் கேட்பேன். இதனால் வியாபாரம் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறது. பாதிப் பேரை ஒன்றும் வாங்காமல் அனுப்புகிறேன்.

போன மார்கழிக் கடைசியில் மச்சானுக்கு போன் செய்தேன். பூங்கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏன் கேக்குறீங்க?" என்றார். "தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். பொங்கல் முடிந்து ஒருநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் மாப்பிள்ளைச் சம்பா அவல் ஒரு பையோடு வந்து நின்றார். மனைவி அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மூன்று தடவை காபி வந்தது.

பத்து மணிக்கு மகள் போனில் கூப்பிட்டாள். கடை இன்னும் திறக்கவில்லையா என்று ஆச்சரியப்பட்டாள். "இன்னிக்கு என்ன சீட்டுப்பா?" என்றாள்.

"இன்னிக்கு எடுக்கலைம்மா. உன் மாமா வந்திருக்கார். பேசிக்கிட்டு இருக்கார்."